பேசினால் பேர் எழுதப்படும்

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் முதன்முதலாகக் கற்கும் பாடம் எது தெரியுமா? ஏ ஃபார் ஆப்பிள் என்று நினைப்பவர்கள் எல்.கே.ஜி. வகுப்பை எட்டிப் பார்க்காதவர்கள். 'ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்.' அதுதான் பாலபாடம். செய்முறையும் கூடவே உண்டு. மூன்றரை வயதுக் குழந்தை ஆள்காட்டி விரலை உதட்டின் குறுக்கே வைத்துக்கொண்டு நேராக உட்கார வேண்டும். அப்படி நாற்பது குழந்தைகள் உட்கார்ந்திருந்தால் அந்தப் பள்ளிக்கு 'நல்ல டிசிப்ளின்' என்று பேர். மறு வருடம் அட்மிஷன் கூடும். அட்மிஷன் கூடினால் ஃபீஸும் கூடும்.

பதினேழு வருடம் கழித்து அதே பிள்ளை கேம்பஸ் இன்டர்வியூவில் வாய் திறக்காமல் நிற்கும். உடனே நாடே கவலைப்படும். 'நம் இளைஞர்களிடம் கம்யூனிகேஷன் ஸ்கில் இல்லை' என்று தொழிலதிபர் ஒருவர் மேடையில் பெருமூச்சு விடுவார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் அமைச்சர் தலையாட்டுவார். திட்டம் பிறக்கும். திட்டத்துக்கு லோகோ. லோகோவுக்கு விழா. விழாவில் மாணவர்கள் மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, பேச்சுத் திறனின் அவசியம் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்பார்கள்.

விரலை உதட்டில் வைத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அப்படி வாய் மூடப்பட்ட ஒரு பிள்ளையைப் பார்க்கப் பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவுக்கு வாருங்கள். ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, அத்திப்பள்ளிக்கு முன்னால், ஆனேக்கல் தாலுக்காத் தொழிற்பேட்டை. மருந்துக் கம்பெனி, இயந்திரக் கம்பெனி, கார்மென்ட்ஸ், பெரிய ஆஸ்பத்திரி. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் வந்து சேர்ந்தது. ஆர்.வி. ரோட்டிலிருந்து 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். கடைசி நிலையம் நம்முடையது. பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு கம்பெனியின் பெயர் நிற்கிறது. காசு கொடுத்தவர் முன்னால்தானே நிற்பார். தொடங்கியபோது 25 நிமிடத்துக்கு ஒரு வண்டி. அந்த 25 நிமிடம் பிளாட்பாரத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம். எந்தப் பல்கலைக்கழகத்தின் மொழித் துறையிலும் இத்தனை மொழி ஒரே நேரத்தில் உயிரோடு இருந்து பார்த்ததில்லை.

ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் லைன் வீடுகள். ஒரு ரூம், ஒரு கிச்சன், நாலு வீட்டுக்குப் பொதுவாக ஒரு கக்கூஸ். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அதில் எத்தனையோ. அப்பா கான்ட்ராக்டில் கம்பெனி வேலை. அம்மா கார்மென்ட்ஸ். அப்படி ஒரு வீட்டில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியை எங்கும் பார்க்கலாம். வீட்டில் தமிழ். ஓனரம்மாவிடம் கன்னடம், தண்ணீர் வராத நாளில் அந்தக் கன்னடத்துக்குக் காரம் ஏறும். பக்கத்து ரூம் ஒடிசாக் குழந்தைகளோடு இந்தி. மளிகைக் கடைக்காரரிடம் தெலுங்கில் கடன் சொல்வாள்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக் கவுன்டரில் மொழிபெயர்ப்பாளரும் அவள்தான். 'ரிப்போர்ட் வந்தப்புறம் புதுச் சீட்டுப் போடணுமா, இதே சீட்டு போதுமா' என்று கன்னடத்தில் கேட்பாள். பதிலை வாங்கி அம்மாவுக்குத் தமிழில் சொல்வாள். அம்மாவின் சந்தேகத்தை மறுபடி கன்னடத்தில் கேட்பாள். கவுன்டரில் இருப்பவர் எரிந்து விழுந்ததை மட்டும் அம்மாவிடம் மொழிபெயர்க்காமல் விழுங்கிவிடுவாள். கடைசியில் சொன்னேனே, அது தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கே எளிதில் கைவராத வித்தை.

அந்தப் பெண்ணின் புராக்ரஸ் ரிப்போர்ட்டில் என்ன இருக்கும்? 'ஸ்பீக்கிங் ஸ்கில்: நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்.'

நாலு மொழியில் ஊரோடு பேரம் பேசும் பிள்ளை, பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியதும் ஊமையாகிறது. கேட்டுக்கு அந்தப் பக்கம் அதன் மொழி எதுவும் செல்லாது. தமிழில் பேசினால் ஃபைன் போடும் பள்ளிகள் இருக்கின்றன. கன்னடத்தில் பேசினாலும் ஃபைன் போடும் பள்ளிகள் கன்னட நாட்டிலேயே இருக்கின்றன. ஆங்கிலத்தில் பேசலாமே என்றால், அது இன்னும் வரவில்லை. வராத மொழியில் மட்டும் பேச அனுமதி. அதற்குப் பேர் வாய்ப்பு.

அப்புறம் அந்தக் கரும்பலகை. இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பலகைதான். டீச்சர் ஆபீஸ் ரூமுக்குப் போனதும் கிளாஸ் லீடர் சாக்பீஸை எடுப்பான். வலது ஓரத்தில் ஒரு கோடு. மேலே 'பேசியவர்கள்'. பேசினால் பேர். மறுபடி பேசினால் பேருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. லீடருக்குப் பென்சிலோ மிட்டாயோ போனால் பேர் அழியும். அரசாங்க நிர்வாகத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லித்தரும் குடிமையியல் பாடம் இந்தியாவில் இன்னும் எழுதப்படவில்லை. டீச்சர் திரும்பி வருவார். பேர் எழுதப்பட்டவர்கள் எழுந்து நிற்பார்கள். திட்டு விழும். பிறகு வகுப்பு தொடங்கும். அன்றைய பாடம்: 'கான்வர்சேஷன்'.

புத்தகத்தில் ரவியும் கீதாவும் இருப்பார்கள். தலைமுறைகள் போனாலும் அவர்களுக்கு வயது ஏறாது. 'குட் மார்னிங், கீதா. ஹவ் ஆர் யூ?' 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, ரவி.' 'வேர் ஆர் யூ கோயிங்?' 'ஐ ஆம் கோயிங் டு தி மார்க்கெட்.' டீச்சர் வாசிப்பார், வகுப்பு கோரஸாகத் திருப்பிச் சொல்லும். பிறகு இரண்டு பேர் முன்னால் வந்து ஒப்பிப்பார்கள். எப்போதும் அதே இரண்டு பேர். கீதாவுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் அடித்தாலும் 'ஐ ஆம் ஃபைன்'தான். மார்க்கெட்டுக்கு எதற்குப் போகிறாள், தக்காளி கிலோ என்ன விலை, பையில் எவ்வளவு காசு இருக்கிறது, எதுவும் ரவி கேட்கக் கூடாது. சிலபஸில் இல்லை. ரவிக்குக் கீதா மேல் அக்கறையும் இல்லை. ஐந்து மதிப்பெண் மேல்தான் அக்கறை.

அதிகாரி வரும் நாளில் இந்த ஜோடிக்கு இஸ்திரி போட்ட யூனிஃபார்ம். ஒப்பித்து முடிந்ததும் கைதட்டல். அதிகாரி 'வெரி குட்' சொல்லி, காபி குடித்து, உரையாடல் முறையில் கற்பித்தல் சிறப்பாக நடப்பதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார். தப்பித் தவறி அவர் மூன்றாவது பெஞ்சுப் பையனைப் பார்த்து 'காலையில் என்னப்பா சாப்பிட்டாய்?' என்று கேட்டுவிட்டால் ஹெட்மாஸ்டர் வரைக்கும் வேர்த்துவிடும். ஒத்திகையில் இல்லாத கேள்வி அது. பையன் உண்மையைச் சொல்லிவிடுவானோ என்ற பயம் வேறு.

பேச்சுப் போட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உரையை எழுதுபவர் அப்பா அல்லது ஆசிரியர். பேசுவது பிள்ளை. நடுவில் ஒரு வரி மறந்துபோனால் பிள்ளை மறுபடி 'அவையோர் அனைவருக்கும் வணக்கம்' என்பதிலிருந்து ஆரம்பிக்கும். கை எங்கே உயர வேண்டும், எங்கே தாழ வேண்டும் என்பதுகூட எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். இதில் முதல் பரிசு வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து எங்கே போகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? சட்டமன்ற நேரலையைப் பாருங்கள். எழுதிக் கொடுத்ததை வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த வகுப்பில் உண்மையான உரையாடல் ஒன்று நடக்கத்தான் செய்கிறது. 'மிஸ், மே ஐ கோ டு தி டாய்லெட்?' பிள்ளைக்குத் தேவை இருக்கிறது. கேட்டால் பலன் இருக்கிறது. எதிராளி சம்மதிக்கலாம், மறுக்கலாம். மறுத்தால் வேறு விதமாகக் கெஞ்ச வேண்டும். குரலில் அவசரம் ஏறும். மனப்பாடமாகக் கற்ற வாக்கியத்தில் உயிர் வந்து உட்காருவது அந்த ஒரு நொடியில்தான். அதற்குக் கிடைக்கும் பதில்: 'சிட் டவுன்.'

இந்த நோய்க்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ரத்தப் பரிசோதனை முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் சின்க்ளேர், கூல்தார்ட் என்று இரண்டு மொழியியலாளர்கள் வகுப்பறைப் பேச்சை வரி வரியாக ஆராய்ந்து 1975ல் நூலாக வெளியிட்டார்கள். கண்டது இதுதான்: ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார், ஆசிரியர் 'குட்' என்று முத்திரை குத்துவார். மறுபடி முதலிலிருந்து. கேட்கும் ஆளுக்குப் பதில் முன்பே தெரியும். மெட்ரோவில் ஒருவர் உங்களிடம் 'இந்த வண்டி ஆர்.வி. ரோடு போகுமா?' என்று கேட்கிறார். 'போகும்' என்கிறீர்கள். 'சபாஷ், சரியான விடை, உட்கார்' என்கிறார் அவர். நீங்கள் அடுத்த பெட்டிக்கு மாறிவிட மாட்டீர்களா? பிள்ளைகளால் மாற முடியாது. கதவு சாத்தியிருக்கிறது.

அமெரிக்காவில் நெட் ஃப்ளாண்டர்ஸ் என்பவர் வகுப்பறை நேரத்தை அளந்து ஒரு கணக்குச் சொன்னார். வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது. அதை நம் வகுப்புக்குப் போட்டுப் பாருங்கள். பீரியட் 40 நிமிடம். பேச்சு சுமார் 27 நிமிடம். அதில் ஆசிரியர் 18. மீதி 9 நிமிடத்தை 40 பிள்ளைகளுக்குப் பங்கு போட்டால் தலைக்குப் பதின்மூன்றரை விநாடி. 'யெஸ் மிஸ்', 'நோ மிஸ்', 'பிரசன்ட் மிஸ்' மூன்றையும் கழித்துவிட்டு மீதியில் ஒரு பேச்சாளரை உருவாக்குங்கள், பார்க்கலாம்.

மேரி பட் ரோ என்ற அம்மையார் இன்னும் எளிய ஒன்றை அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர் பதிலுக்காக எத்தனை நேரம் காத்திருக்கிறார்? பெரும்பாலும் ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக்கிப் பார்த்தார். பதில்கள் நீண்டன. பதில் சொல்லாத பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். பிள்ளைகளே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். இந்த ஆய்வு 1970களில் வந்தது.

மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டு நிற்க என்ன செலவு? ஒரு பைசா கிடையாது. அதனால்தான் அது நடக்கவில்லை. மௌனத்துக்கு டெண்டர் விட முடியாது. மூன்று விநாடிக்குக் கமிஷன் வராது. ஸ்மார்ட் போர்டு வாங்கினால் டெண்டர், ரிப்பன், போட்டோ எல்லாம் உண்டு. லாங்குவேஜ் லேப் என்றால் ஹெட்ஃபோன் உண்டு. பூட்டி வைக்க ஒரு அறையும் அந்த அறைக்கு ஒரு சாவியும் உண்டு. சாவி ஹெட்மாஸ்டரிடம். ஹெட்மாஸ்டர் மீட்டிங்கில்.

இங்கிலாந்தின் ராபின் அலெக்சாண்டர் ஐந்து நாட்டுத் தொடக்கப் பள்ளிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தவர். இந்தியா அதில் ஒன்று. அவர் வகுத்த உரையாடல் வழிக் கற்பித்தலை இங்கிலாந்துப் பள்ளிகளில் சோதித்து 2017ல் முடிவு வெளியிட்டார்கள். ஆங்கிலத்திலும் அறிவியலிலும் பிள்ளைகள் இரண்டு மாதப் படிப்பு முன்னே போயிருந்தார்கள். கணக்கில்கூட ஒரு மாதம். நம் வகுப்பறைகளையும் பார்த்துக் கற்றதை வைத்து அவர்கள் பிள்ளைகளை முன்னேற்றிக்கொண்டார்கள். நாம் அதை வெளிநாட்டு உத்தி என்று வாங்கி, அதற்கு ஒரு பயிலரங்கம் நடத்துவோம். பயிலரங்கில் ஒருவர் ஆறு மணி நேரம் பேசுவார். தலைப்பு: வகுப்பறையில் ஆசிரியர் குறைவாகப் பேசுவது எப்படி.

வெளிநாடு எதற்கு? கோலாரிலிருந்து கிளம்பிய கங்கர் குலத்தில் வந்த சீயகங்கன் கேட்டுக்கொண்டதற்காகப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதினார். அதன் பாயிரத்தில் கணக்கு மிகத் தெளிவு. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கல்வியில் கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பேசிப் பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. முக்கால் பங்கு கல்வி மாணவனின் வாயில் இருக்கிறது என்கிறார் முனிவர். அந்த முக்கால் பங்குக்குத்தான் நம் வகுப்பில் பேர் எழுதுகிறார்கள். நன்னூலை நாம் விட்டுவிடவில்லை. மனப்பாடம் செய்து, பிழையில்லாமல் எழுதி, மதிப்பெண் வாங்கியிருக்கிறோம்.

எழுதி என்றதும் தேர்வு ஞாபகம் வருகிறது. பேச்சுத் திறனைக் கர்நாடகம் எப்படிச் சோதிக்கிறது? பேனாவால். எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத் தாளில் ஓர் உரையாடல் அச்சாகியிருக்கும். அடிக்கோடிட்ட வாக்கியம் வேண்டுகோளா, யோசனையா, அனுமதி கேட்டலா என்று தேர்ந்தெடுத்தால் மதிப்பெண். பி.யு.சி.யில் 'உரையாடலை நிறைவு செய்க' என்று கோடிட்ட இடம். பரீட்சை ஹாலில், மேற்பார்வையாளர் முறைக்க, முழு அமைதியில், பிள்ளைகள் உரையாடுகிறார்கள். நீச்சல் போட்டியைக் காகிதத்தில் நடத்தும் முதல் தேசம் நாம்தான். சி.பி.எஸ்.இ. கொஞ்சம் மேல், பிளஸ் டூ ஆங்கிலத்தில் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் அகமதிப்பீட்டில் தலா 5 மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறது. அந்த ஐந்தைப் பள்ளியே போட்டுக்கொள்ளும். எந்தப் பள்ளி தன் பிள்ளைக்குத் தானே மூன்று போடும்?

கொள்கைக்கு மட்டும் குறைவே இல்லை. 2020ன் தேசியக் கல்விக் கொள்கை கலந்துரையாடல் வழியில் கற்க வேண்டும் என்றது. 2025 ஆகஸ்டில் சுகதேவ் தோரட் குழு கர்நாடகத்துக்குத் தனிக் கொள்கை அறிக்கை கொடுத்தது. அதே மாதம் தமிழ்நாடும் தனக்கொரு மாநிலக் கல்விக் கொள்கை வெளியிட்டது. மூன்றுக்கும் ஆயிரம் சண்டை. எத்தனை மொழி, எந்த மொழி, யார் மொழி? பிள்ளை எந்த மொழியில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்தான் தகராறு. ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஒரு தென்னிந்திய நிறுவனம் பெங்களூரிலேயே 1963லிருந்து இருக்கிறது. ஆளுமில்லை, அறிவுமில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

ஆசிரியர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். நான் அந்த வரிசையில் நிற்கத் தயாரில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று கர்நாடகத்தில் சமூக, கல்விக் கணக்கெடுப்பு தொடங்கியது. வீடு வீடாகப் போனவர்கள் யார்? ஆசிரியர்கள். கையில் 60 கேள்விகள். வேலை முடியவில்லை என்று தசரா விடுமுறையை அக்டோபர் 18 வரை நீட்டினார்கள். கேள்வி கேட்டு, பொறுமையாகக் காத்திருந்து, பதில் தெரியாமல் கேட்டு, சொன்னதை அப்படியே குறித்துக்கொள்ளும் பயிற்சி எங்கள் ஆசிரியர்களுக்கு முழுதாகக் கிடைத்தது. கிடைத்த இடம் வகுப்பறை இல்லை, அவ்வளவுதான். திரும்பி வந்தவர்களிடம் 'போர்ஷன் ஏன் முடியவில்லை' என்றுதான் கேட்டிருப்பார்கள். தேர்தல் வேலை, ஆப்பில் பதிவு, முட்டைக் கணக்கு. பேச நேரமில்லாத ஆசிரியர், பேசக் கூடாத மாணவர். இருவருக்கும் நடுவில் 'உரையாடல்' என்று ஒரு பாடம்.

உரையாடல் வழிக் கற்பித்தலுக்கு உண்மையில் உயிர் கொடுத்தவர் கதையைச் சொன்னால், அது ஏன் நம் வகுப்பறைக்குள் வருவதில்லை என்ற காரணம் விளங்கும். பிரேசிலின் பாவ்லோ ஃப்ரெய்ரே. 1963ல் அன்ஜிகோஸ் என்ற ஏழை ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளை உட்காரவைத்து, அவர்கள் வாழ்க்கையைப் பற்றியே அவர்களைப் பேசவைத்து, 45 நாளில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அப்போது பிரேசிலில் எழுத்தறியாதவருக்கு ஓட்டு கிடையாது. பேசக் கற்றவன் படிப்பான். படித்தவன் ஓட்டுப் போடுவான். 1964ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃப்ரெய்ரேயைச் சிறையில் போட்டார்கள். பிறகு நாட்டை விட்டே போனார். வகுப்பறை உரையாடல் என்றால் என்னவென்று அந்த ராணுவத்துக்கு நன்றாகப் புரிந்திருந்தது. நம் ஆட்களுக்கும் புரிந்துதான் இருக்கிறது. சிறை எதற்கு வீணாக? கோடிட்ட இடம் போதும்.

பள்ளி மூடிய வாயைத் திறக்க வெளியே கடை திறந்திருக்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ், பர்சனாலிட்டி டெவலப்மென்ட், பப்ளிக் ஸ்பீக்கிங். ஒரு தலைமுறை ரேபிடெக்ஸ் புத்தகத்தை வைத்துச் சமாளித்தது. இன்றைக்கு மெட்ரோ தூண் தோறும் நோட்டீஸ். சில பள்ளிகள் கடையைக் காம்பவுண்டுக்குள்ளேயே வைத்துவிட்டன. காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை வாயை மூடுவதற்கு ஒரு ஃபீஸ். மூன்றரையிலிருந்து நாலரை வரை திறப்பதற்கு இன்னொரு ஃபீஸ். இரண்டுக்கும் ஒரே பில் புக். அரசாங்கத்துக்கும் இதே வழிதான். ஓசூருக்கு அந்தப் பக்கம் 2022ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பயிற்சி தருகிறது. நல்லதுதான். பன்னிரண்டு வருடம் அரசே பூட்டியதை அரசே திறக்கிறது. பூட்டாமலே இருந்திருந்தால் திறப்பு விழாவுக்கு வழியில்லையே.

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் கார்மென்ட்ஸ் அம்மாவுக்கு உபதேசம் நடக்கும். 'வீட்டில இங்கிலீஷ்ல பேசுங்கம்மா. அப்பதான் குழந்தைக்கு வரும்.' காலை எட்டரை மணி ஷிஃப்டுக்கு ஆறு மணிக்கே அடுப்பு பற்றவைத்தவள் தலையாட்டுவாள். பேசச் சொல்லிக்கொடுக்கத்தானே மிஸ் உங்களுக்கு ஃபீஸ் கட்டுகிறேன் என்று அவள் தமிழிலாவது கேட்கலாம். கேட்க மாட்டாள். அவளும் பேர் எழுதப்பட்டு வளர்ந்தவள்.

வகுப்பில் பேசிப் பழகாதவர்கள் வளர்ந்தபின் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை 2025 மே மாதம் இதே தாலுக்காவில், சூர்யா நகர் வங்கிக் கிளை ஒன்றில் பார்த்தோம். கன்னடத்தில் பேசுங்கள் என்கிறார் வாடிக்கையாளர். பேச மாட்டேன் என்கிறார் மேலாளர். இருவர் கையிலும் மொழி இருந்தது, காது இல்லை. வீடியோ நாடெங்கும் ஓடியது. முதலமைச்சர் கண்டித்தார். மேலாளருக்கு இடமாற்றம். வங்கி ஊழியர்களுக்கு மொழி, பண்பாட்டுப் பயிற்சி வேண்டும் என்றார் முதலமைச்சர். எந்தக் கோளாறுக்கும் இங்கே ஒரே கஷாயம்தான். பயிற்சி.

ஆனால் இந்த ஊர் ஒரு முறை உண்மையாகவே வாய் திறந்தது. 2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. பி.எஃப். கணக்கில் முதலாளி போட்ட பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று. மகள் படிப்புக்கும் மாமியார் ஆபரேஷனுக்கும் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார்கள் கார்மென்ட்ஸ் பெண்கள். ஏப்ரல் 18 அன்று தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஓசூர் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். எந்தப் பெரிய சங்கமும் கூப்பிடவில்லை. எவரும் உரை எழுதிக் கொடுக்கவில்லை. கை எங்கே உயர வேண்டும் என்று சொல்லித்தரவும் இல்லை. மறுநாள் நிலைமை கைமீறி, நம் பக்கத்து ஹெப்பகோடியில் காவல் நிலையம் தாக்கப்பட்டது, வண்டிகள் எரிந்தன. தடியடி, கண்ணீர்ப்புகை, கைது. அன்றே, ஏப்ரல் 19 அன்று, டெல்லி அறிவிக்கையை வாபஸ் வாங்கியது. ரவியும் கீதாவும் வராத உரையாடல் அது. கேள்வி உண்மையான கேள்வி. பதில் இரண்டு நாளில் வந்தது.

இந்தப் பெண்களுக்குப் பேச யாருமே சொல்லித்தரவில்லை என்று சொன்னால் கம்பெனிகள் கோபித்துக்கொள்ளும். சொல்லித்தந்தார்கள். கேப் என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் 2007ல் தொடங்கிய பெண் தொழிலாளர் பயிற்சி ஒன்று உண்டு. பேச்சுத் திறன் அதில் முக்கியப் பாடம். பெங்களூர் ஆடைத் தொழிற்சாலைகளில் அந்தப் பயிற்சி கொடுத்து என்ன பலன் என்று பொருளாதார அறிஞர்கள் அளந்து, 2018ல் அமெரிக்காவில் ஆய்வறிக்கையாக வெளியிட்டார்கள். பெண்கள் முன்பைவிட நன்றாகப் பேசினார்கள். உற்பத்தித் திறன் 20 சதவீதம் கூடியது. பயிற்சி முடிந்த எட்டே மாதத்தில் நிறுவனத்துக்கு, போட்ட முதலுக்கு 258 சதவீதம் லாபம். பெண்களின் சம்பளமும் கூடத்தான் செய்தது. 0.5 சதவீதம். நூறு ரூபாய்க்கு ஐம்பது பைசா.

அந்த ஐம்பது பைசாவைச் சேர்த்துத்தான் இங்கே ஒருத்தி மூன்றரை மணி ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் பணம் கட்டுகிறாள்.